கழிவுக் கரியும் தண்ணீரில் கரைந்த ஆன்டிபயாட்டிக்கும்: 98 சதவீதம் 41 ஆனது ஏன்?

#1 உமிக்கரி

வணக்கம். முதுகலை வேதியியல், கடைசி செமஸ்டர். நிலக்கடலைத் தோலைக் கரியாக்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை அந்தக் கரியால் பிடிக்க முடிகிறதா என்பதுதான் என் ஆய்வு. நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. போன வாரம் எல்லாம் சரிந்துவிட்டது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். தோலைக் கழுவி 105 டிகிரியில் உலர்த்தி, நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டேன். கிடைத்த கரியின் எடைக்கு மூன்று மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து 800 டிகிரியில் மறுபடியும் சுட்டேன். பிறகு கழுவி உலர்த்தினேன். லிட்டருக்கு 50 மி.கி. டெட்ராசைக்ளின், லிட்டருக்கு அரை கிராம் கரி, ஷேக்கரில் 24 மணி நேரம். வடிகட்டி, யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் 357 நானோமீட்டரில் பார்த்தால் 98 சதவீதம் போயிருந்தது. மஞ்சளாக இருந்த கரைசல் கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது.

வழிகாட்டி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த சுத்த நீரில்) எல்லாக் கரியும் வேலை செய்யும். சுத்திகரித்த சாக்கடை நீரில் போட்டுப் பார்."

அதே கரி, அதே அளவு, அதே நேரம். மூன்று முறை செய்தேன். 39, 41, 43 சதவீதம்தான் போனது.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கரி கெட்டுப்போனதா, என் கைப்பிழையா, அல்லது இந்த விஷயமே இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 படுகை

தம்பி, முதலில் ஒன்று. 41ஐ மறைக்காமல் இங்கே வந்து போட்டீர்களே, அதற்கே பாராட்டு. இந்த 41தான் உங்கள் ஆய்வில் உருப்படியான எண். எனக்குச் சந்தேகம் 98 மேல்தான்.

தண்ணீர் பகுப்பாய்வுக் கூடத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். கீழே உள்ளவற்றுக்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

கரியைக் கழுவியது எதுவரை? கழுவிய நீரின் பி.எச். எவ்வளவில் நின்றது? கரி போட்ட பிறகு கரைசலின் பி.எச். என்ன ஆனது, போட்ட உடனே அல்ல, 24 மணி நேரம் கழித்து? வடிகட்ட எந்த ஃபில்டர்? கரி போடாத பாட்டில் ஒன்றையும் ஷேக்கரில் கூடவே சுற்றவிட்டீர்களா? பாட்டில் வெளிச்சத்தில் இருந்ததா, ஃபாயில் சுற்றியிருந்ததா? டெட்ராசைக்ளின் போடாமல் வெறும் கரியும் தண்ணீரும் மட்டும் வைத்து ஒரு பிளாங்க்?

#3 தூறல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் எப்படி வருகிறது? வந்தாலும் கொதிக்கவைத்தால் போய்விடாதா? கரியெல்லாம் எதற்கு என்று புரியாமல் கேட்கிறேன்.

#4 நுண்ணுலகு

நல்ல கேள்விதான், மன்னிப்பு எதற்கு.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடம்பில் செலவாவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினை எடுத்துக்கொள்ளுங்கள்: வாய்வழி சாப்பிட்டதில் 40 முதல் 50 சதவீதம் மருந்தாகவே சிறுநீரில் வெளியேறுகிறது. கால்நடைகளுக்குக் கொடுப்பதும் இதே கதைதான். மருத்துவமனைக் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவுநீர், வீட்டில் மீந்து கழிப்பறையில் கொட்டப்படும் மாத்திரை எல்லாம் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகின்றன. அந்த நிலையங்கள் கட்டப்பட்டது அழுக்கையும் நைட்ரஜனையும் குறைப்பதற்கு. மருந்து மூலக்கூறைப் பிடிக்க அவை கட்டப்படவில்லை.

கொதிக்கவைப்பது கிருமிகளுக்குத்தான். அமாக்சிசிலின் மாதிரி பீட்டா-லாக்டம் வளையம் உள்ளவை சூட்டில் ஓரளவு உடையும். சிப்ரோவுக்குக் கொதிநீர் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறத்தான் செய்யும்.

அளவு மிகச் சிறியது, பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராமிலும் மைக்ரோகிராமிலும். அதனால் குடித்தவுடன் ஒன்றும் ஆகாது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் எதிர்ப்புத்திறன் உள்ள கிருமிக்கு மட்டும் சாதகமான ஒரு சூழலை அந்தச் சிறிய அளவே உருவாக்கிவிடும். பெங்ட்சன்-பால்மே, லார்சன் இருவரும் 2016இல் 111 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்த எல்லையைக் கணித்தார்கள். சிப்ரோவுக்கு வந்தது லிட்டருக்கு 64 நானோகிராம். இதை ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைக் கழிவுகளைச் சுத்திகரித்த ஒரு நிலையத்தின் வெளியேற்ற நீரில் அளந்து 2007இல் வெளியிட்டதோடு வைத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022இல் வந்த கணக்கு. அத்தனைக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் ஒரு வாசல், அது இப்போது திறந்தே கிடக்கிறது.

#5 உமிக்கரி

@படுகை சார், உங்கள் கேள்விகளைப் படித்ததும் நேரே லேபுக்குப் போனேன். பதில்கள்:

கழுவிய நீரின் பி.எச்.சை நான் பார்க்கவே இல்லை. "நான்கைந்து முறை கழுவினேன்" என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்று அதே கரியில் சிறிது எடுத்து வாலைவடிநீரில் போட்டு ஷேக்கரில் விட்டேன். 6.1இல் இருந்தது 9.7க்குப் போய்விட்டது.

ஃபில்டர் நைலான் சிரிஞ்ச் ஃபில்டர். கரி இல்லாத பாட்டில் வைக்கவில்லை. ஃபாயில் சுற்றவில்லை, ஷேக்கர் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. வெறும் கரி பிளாங்க்கும் கிடையாது.

எழுதும்போதே கை கூசுகிறது.

#6 படுகை

கூச வேண்டாம். அச்சில் வந்த கட்டுரைகளிலேயே இவற்றில் பாதி இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சுட்ட கரியின் துளைகளுக்குள் காரம் பதுங்கிக் கிடக்கும். மேலோட்டமாகக் கழுவினால் போகாது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அப்புறம் வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவிய நீர் 7க்கு வந்த பிறகும் ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் பாருங்கள், மறுபடி ஏறியிருக்கும். ஏறாமல் நிற்கும் வரை விடக்கூடாது.

பி.எச். 9.7க்குப் போனால் டெட்ராசைக்ளின் பழைய டெட்ராசைக்ளினாக இருக்காது. அதன் அயனியாக்கப் படிகள் 3.3, 7.7, 9.7. அதாவது 3.3க்குக் கீழே நேர்மின், 3.3க்கும் 7.7க்கும் நடுவில் இரண்டு மின்சுமையும் கொண்ட நடுநிலை வடிவம், அதற்கு மேலே எதிர்மின். காரத்தில் அதன் யு.வி. உச்சம் 357இல் நிற்காமல் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். காரம், காற்று, வெளிச்சம் மூன்றும் கிடைத்தால் மூலக்கூறே சிதையும். நீங்கள் 357இல் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உச்சம் இடம் மாறியதும், சிதைந்ததும், கரி பிடித்ததும் எல்லாமே உங்கள் கணக்கில் "கரி பிடித்தது" என்றுதான் விழும்.

நைலான் அடுத்த திருடன். டெட்ராசைக்ளினும் சிப்ரோவும் நைலான் சவ்வில் ஒட்டும். முதல் சில மில்லி வடிநீரைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். அதைவிட நல்லது, தெரிந்த செறிவுள்ள கரைசலை உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு ஃபில்டரிலும் வடித்து, எது எவ்வளவு தின்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது. மையவிலக்கி இருந்தால் ஃபில்டரே வேண்டாம்.

சாக்கடை நீரில் பிழை எதிர்ப்பக்கம் போயிருக்கும். அந்த நீருக்கே 357இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும் தன்மை உண்டு. அதில் கரைந்துள்ள கரிமப் பொருள்தான் காரணம். அதைக் கழிக்காமல் படித்தால், பிடிபடாமல் மீந்த மருந்து என்று தவறாக எண்ணிக்கொள்வோம். ஆக உங்கள் 98 வீங்கியது, உங்கள் 41 ஒடுங்கியது. நடுவில் எங்கோதான் உண்மை.

ஆனால் எல்லாவற்றையும் திருத்திய பிறகும் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சாக்கடை நீரில் கரைந்த கரிமப் பொருள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். அதற்கும் உங்கள் கரியில் இடம் வேண்டும். சிறிய மூலக்கூறுகள் துளைக்குள் நுழைந்து மருந்தோடு நேராகப் போட்டியிடும். பெரியவை வாசலிலேயே உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் டெட்ராசைக்ளினைக் கவ்விக்கொள்வது தனிக் கதை. அது சில கரிகளில் பிடிமானத்தைக் கூட்டும், சிலவற்றில் குறைக்கும்.

#7 இணைவரி

கரி மருந்தைப் பிடிப்பதை "உறிஞ்சுதல்" என்று எழுதும் எல்லோருக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல். கரி செய்வது பரப்புக் கவர்தல்: மூலக்கூறு கரியின் உடலுக்குள் கரைவதில்லை, துளைச் சுவரில் ஒட்டி நிற்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் துளையின் அளவு ஏன் முக்கியம் என்பது புரியும். 2 நானோமீட்டருக்குக் குறைந்தது நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை. டெட்ராசைக்ளின் மூலக்கூறு ஏறக்குறைய 1 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 2,000 சதுர மீட்டர் பரப்பு என்று அளந்து சொல்வதில் எவ்வளவு இந்த மூலக்கூறு நுழைய முடியாத சந்துகளில் இருக்கிறது என்று யோசியுங்கள். அந்தப் பரப்பை அளந்தது நைட்ரஜன் மூலக்கூறு. அது மிகச் சிறியது.

#8 கசடு

நான் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பாளர். ஆராய்ச்சிக்கும் எனக்கும் தூரம். ஆனால் தூள் கரியைத் தினமும் கையாளுகிறேன், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் போடுவது லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. கரி. தம்பி போட்டது லிட்டருக்கு 500 மி.கி. அந்த அளவைத் தினமும் போட்டால் கரியைச் சுமந்து வரும் வண்டியும் கசடைச் சுமந்து போகும் வண்டியும் வாசலில் முட்டிக்கொள்ளும். தொடர்பு நேரமும் 24 மணி கிடையாது. அரை மணி, போனால் ஒரு மணி. குளிகைக் கரிப் படுகையாக வைத்தால் தண்ணீர் உள்ளே நிற்பது 10, 20 நிமிடம்தான்.

இன்னொன்று, டெட்ராசைக்ளின் கரிக்கு எளிய எதிரி. பெரிய மூலக்கூறு, வளையங்கள் நிறைய, நன்றாக ஒட்டும். சல்ஃபாமெதாக்சசோலைப் போட்டுப் பாருங்கள். எங்கள் அளவில் எது தப்பித்துப் போகிறது என்று பார்த்தால் எப்போதும் முதலில் நிற்பது அதுதான். அதனுடனேயே சேர்த்துக் கொடுக்கப்படும் டிரைமெத்தோபிரிம் சுலபமாகப் பிடிபடுகிறது. ஒரே மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்து, ஒன்று மாட்டும், ஒன்று நழுவும்.

இது இனிமேல் விருப்பம் சார்ந்த வேலையாக இருக்காது. ஸ்விட்சர்லாந்து 2016 முதலே தேர்ந்தெடுத்த நிலையங்களில் இப்படிப்பட்ட நுண்மாசுகளை 80 சதவீதம் குறைக்கச் சட்டம் வைத்திருக்கிறது. ஓசோன் அல்லது கரி, பெரும்பாலும் இதுதான் அங்கே வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 உத்தரவு 1,50,000 பேருக்கு ஈடான சுமையும் அதற்கு மேலும் வரும் நிலையங்களை 2045க்குள் இதைச் செய்யச் சொல்கிறது. கூடுதல் செலவில் 80 சதவீதமாவது மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல கரிக்கு நிச்சயம் தேவை வரும். ஆனால் எங்கள் 15 மி.கி.க்குள் வேலை செய்கிற கரியாக இருக்க வேண்டும்.

#9 உமிக்கரி

@கசடு அண்ணா, சல்ஃபாமெதாக்சசோல் ஏன் நழுவுகிறது?

#10 படுகை

அதன் இரண்டாம் அயனியாக்கப் படி 5.7 சுற்றுவட்டாரம். சாதாரணத் தண்ணீர் 7க்கு மேல். அங்கே அது எதிர்மின் சுமை கொண்டது. பெரும்பாலான கரிமக் கழிவுக் கரிகளின் பரப்பும் அந்த பி.எச்.சில் எதிர்மின். ஒன்றை ஒன்று தள்ளும். டிரைமெத்தோபிரிமுக்கு 7 சுற்றி நேர்மின் பங்கு இருக்கிறது, தானாக வந்து ஒட்டும். உங்கள் கரியின் மின்சுமை எந்த பி.எச்.சில் சுழியாகிறது என்று அளந்து வையுங்கள். அந்த ஒரு எண் உங்கள் முடிவுகளில் பாதியை விளக்கிவிடும்.

#11 தராசு

நான் எதிர்பார்த்த பேச்சு இன்னும் வரவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் ஓடுவது "அதிகபட்சக் கொள்ளளவு" என்ற எண்ணின் பின்னால். கிராமுக்கு 300 மி.கி. பிடித்தது, 500 பிடித்தது என்று. அந்த எண் வருவது லாங்மியூர் 1918இல் தந்த சமன்பாட்டிலிருந்து. சமன்பாட்டில் குற்றமில்லை. நாம் தவறான முனையைப் பார்க்கிறோம்.

இரண்டு கரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

கரி அ: கொள்ளளவு கிராமுக்கு 300 மி.கி. நாட்டம், அதாவது சமன்பாட்டில் வரும் பிணைப்பு மாறிலி, 0.05.
கரி ஆ: கொள்ளளவு வெறும் 60. நாட்டம் 5.

கட்டுரையில் ஜெயிப்பது அ. இப்போது நிஜமான வேலையைக் கொடுப்போம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மருந்துள்ள ஆயிரம் லிட்டர் நீரை 1 மைக்ரோகிராமுக்குக் கொண்டுவர வேண்டும். பிடிக்க வேண்டியது 9 மி.கி. வேலை முடியும்போது தண்ணீரில் எஞ்சுவது லிட்டருக்கு 0.001 மி.கி. அந்தச் செறிவோடு சமநிலையில் நிற்கும்போது ஒரு கிராம் கரி எவ்வளவு வைத்திருக்கும் என்பதுதான் கேள்வி.

அ: 300 × 0.05 × 0.001 = 0.015 மி.கி.
ஆ: 60 × 5 × 0.001 = 0.3 மி.கி.

(கீழே வகுக்க வேண்டிய 1 + பெருக்கலை விட்டுவிட்டேன். இந்தச் செறிவில் அது 1தான்.)

9 மி.கி.யைப் பிடிக்க அ வேண்டும் 600 கிராம். ஆ வேண்டும் 30 கிராம்.

கொள்ளளவில் ஐந்து மடங்கு பெரிய கரி, வேலையில் இருபது மடங்கு மோசம். கொள்ளளவை மட்டும் நம்பி, 300 மி.கி. பிடிக்குமே, 9 மி.கி.க்கு 0.03 கிராம் போதும் என்று கணக்குப் போட்டால் இருபதாயிரம் மடங்கு தப்பாகிவிடும்.

50 மி.கி. செறிவில் சோதிப்பது ஆழ்குளத்தில் வலை வீசுவது மாதிரி, எங்கே வீசினாலும் மீன். ஒரு மைக்ரோகிராமில் மீன் அரிது. அங்கே வலையின் அகலம் உதவாது, கண்ணியின் பிடிதான் உதவும். அதனால் தம்பி, ஐசோதெர்ம் (தண்ணீரில் எஞ்சும் செறிவுக்கு எதிராகக் கரி பிடித்த அளவைக் காட்டும் வரைபடம்) போடும்போது கீழ்ச் செறிவுப் புள்ளிகளை நிறைய எடுங்கள். மேலே தட்டையாகப் போகும் பகுதி பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு.

#12 இணைவரி

தராசு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இயக்கவியல் தரவை, அதாவது நேரம் போகப் போகக் கரி எவ்வளவு பிடித்தது என்ற எண்களை, "போலி இரண்டாம் படி" சமன்பாட்டில் பொருத்தி, கோட்டின் பொருத்தம் (R²) 0.999 வந்தது, ஆகவே இது வேதிப் பிணைப்பு என்று எழுதுவது ஒரு தொற்று மாதிரிப் பரவியிருக்கிறது. அந்தச் சமன்பாட்டின் நேர்கோட்டு வடிவில், சமநிலைக்குப் பக்கத்துப் புள்ளிகளை நிறைய வைத்தாலே 0.99 வந்துவிடும். அது பிணைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆய்வேட்டில் அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சிப்ரோவுக்கு மாறப்போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நடுநிலை பி.எச்.சில் அதன் கரைதிறன் மிகக் குறைவு, லிட்டருக்கு 100 மி.கி. சுற்றித்தான். அங்கே 200 மி.கி. என்று கரைசல் தயாரித்தால், படிந்து விழுவதும் கரி பிடித்ததாகக் கணக்கில் சேரும்.

#13 கனல்

கரித் தொழிலில் இருப்பவன் பேசுகிறேன். "கழிவிலிருந்து கரி" என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுவது எனக்கு வருத்தம். தேங்காய் ஓட்டுக் கரி பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் தண்ணீர் வடிகட்டியில் இருக்கிறது. ஓடு கழிவுதானே? நாங்கள் நீராவியில் 900 டிகிரி பக்கம் வைத்துத் துளை திறக்கிறோம். நீராவி, சூடு, வேறொன்றும் இல்லை.

தம்பி செய்தது என்ன? ஒரு பங்கு கரிக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அந்தக் காரம் எங்கே போகும்? கழுவும் நீரில். அமிலம் போட்டு நடுநிலையாக்கினால் உப்பு நீர். ஒரு கழிவைத் தீர்க்கப் போய், அதைவிட எடை கூடிய இன்னொரு கழிவை உருவாக்கியிருக்கிறோம். ஓடாக இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கரியாகத் தேறும், துளை திறக்கும்போது அதிலும் பெரும்பகுதி எரிந்துபோகும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் "மலிவு, பசுமை" என்று எழுதினால் தொழிலில் இருப்பவன் எப்படி நம்புவான்?

#14 நுண்ணுலகு

கனல், காரக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீராவிதான் முடிவு என்பதை ஏற்க முடியவில்லை. தேங்காய் ஓட்டுக் கரியில் நுண்துளைதான் பெரும்பாலும். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் மாதிரிப் பெரிய மூலக்கூறுகளுக்கு இடைத்துளையும் வேண்டும். மரத்தூளையும் கரும்புச் சக்கையையும் பாஸ்பாரிக் அமிலத்தில் 450 டிகிரி பக்கம் சுட்டால் அந்த இடைத்துளை கிடைக்கிறது, சூடும் பாதிதான். அமிலத்தில் பெரும்பகுதியைக் கழுவி மீட்கவும் முடியும், தொழிலில் அது நடக்கிறது.

எந்தக் கழிவு என்பதும் முக்கியம். உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. அது துளை திறக்காமல் எடையை மட்டும் ஏற்றும். கழிவுநீர்க் கசடிலிருந்து செய்த கரியில் கன உலோகங்கள் இருக்கலாம். மருந்தைப் பிடிக்கப் போய் தண்ணீருக்குள் துத்தநாகத்தையோ ஈயத்தையோ விட்டுவிடக் கூடாது. எந்தக் கரியானாலும் கசிவுச் சோதனை செய்யாமல் நல்ல கரி என்று சொல்லாதீர்கள்.

#15 கனல்

இடைத்துளை விஷயம் நியாயம். பாஸ்பாரிக் வழியில் அமிலத்தை மீட்கும் ஏற்பாடு இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. மாணவர்கள் ஒரு கிராம் கரிக்கு எத்தனை கிராம் வேதிப்பொருள், எத்தனை லிட்டர் கழுவுநீர் என்று ஒரே ஒரு அட்டவணை போட்டால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்.

#16 தூறல்

எல்லோரும் பேசுவது பாதி புரிகிறது, நன்றி. ஒரு சந்தேகம். அடுப்புக் கரியை நன்றாகக் கழுவித் தண்ணீர்ப் பானையில் போட்டால் கொஞ்சமாவது உதவுமா? அப்புறம், மருந்தைப் பிடித்த கரியை என்ன செய்வார்கள்?

#17 கசடு

அடுப்புக் கரி வேண்டாம் அம்மா. அதில் துளை சரியாகத் திறந்திருக்காது, சாம்பலும் எரிந்தும் எரியாத தாரும் இருக்கும், அதெல்லாம் தண்ணீரில் இறங்கும். ஆன்டிபயாட்டிக்கை வீட்டுப் பானையில் தடுக்க முயல்வதைவிட, மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமல் இருப்பது எங்களுக்குப் பெரிய உதவி. வீட்டில் கரி வடிகட்டி இருந்தால் சொன்ன காலத்தில் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். நாள் கடந்த கரியில் கிருமி குடியேறும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எங்களுக்குத் தலைவலி. தூள் கரி கசடோடு கலந்துவிடும், அதைப் பிரிக்க முடியாது. எரிக்க வேண்டும். அந்தக் கசடை உரமென்று வயலில் போட்டால், ஆற்றுக்குப் போகாமல் தடுத்ததை மண்ணில் கொண்டுபோய் வைத்ததாகும். குளிகைக் கரியானால் சூளைக்குத் திருப்பி அனுப்பி, 800 டிகிரி பக்கம் சுட்டு மீட்கலாம். மருந்து அங்கே அழிந்துபோகும். ஒவ்வொரு முறையும் 5 முதல் 15 சதவீதம் கரி இழப்பாகும்.

#18 இணைவரி

மெத்தனாலிலோ சோடியம் ஹைட்ராக்சைடிலோ கழுவி "ஐந்து முறை பயன்படுத்தலாம்" என்று எழுதும் கட்டுரைகளிலும் இதே ஓட்டை. மருந்து கரியிலிருந்து மெத்தனாலுக்கு மாறியது. அந்த மெத்தனாலை யார், எங்கே, என்ன செய்தார்கள்? ஒரு வரி இருக்காது.

#19 விடிவெள்ளி

அதற்குத்தான் பெர்சல்பேட் என்ற ஆக்சிஜனேற்றியைச் சேர்த்து, கரியின் மேலேயே மருந்தை உடைக்கும் முறை வந்திருக்கிறதே? கரியே வினையூக்கியாக வேலை செய்கிறது. பிடித்து வைத்துக்கொண்டு அவஸ்தைப்படத் தேவையில்லை.

#20 நுண்ணுலகு

வழி நல்லது. ஆனால் "உடைந்தது" என்பதும் "தீங்கு போனது" என்பதும் ஒன்றல்ல. தாய் மூலக்கூறு மறைந்தாலும் உடைந்த துண்டில் மருந்தின் செயல்படும் பகுதி அப்படியே இருக்கலாம். சிப்ரோவில் பைபரசின் வளையம் மட்டும் உடைந்து, குயினோலோன் பகுதி முழுதாக நின்றால் கிருமிக்கு எதிரான வேகம் கொஞ்சம் மிஞ்சும். அதனால் கருவியில் உச்சம் மறைந்ததோடு நிறுத்தாமல், அந்தத் தண்ணீரை ஒரு அகார் தட்டில் ஈ.கோலையோடு வைத்து வளர்ச்சி தடைபடுகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் வேலை. சல்பேட் எவ்வளவு கூடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கரி மருந்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே எதிர்ப்பு மரபணுவோடு மிதக்கும் கிருமி தனிக் கணக்கு. கரிக்கு அப்புறம் கிருமிநீக்கம் ஒன்று எப்போதும் வேண்டும்.

#21 உமிக்கரி

பதினோரு நாள் கழித்து வருகிறேன். ஒவ்வொருவர் சொன்னதையும் அச்செடுத்து லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கரியை அமிலத்தில் ஊறவைத்து, வெந்நீரில் பதினான்கு முறை கழுவினேன். ஒன்பதாவது முறையே 7 வந்துவிட்டது. படுகை சார் சொன்னபடி ராத்திரி ஊறவைத்தேன், காலையில் 8.2. பதினான்காவதுக்கு அப்புறம்தான் 6.9இல் அசையாமல் நின்றது. அந்தக் கழுவுநீர் முழுவதையும் ஒரு கேனில் சேர்த்து அளந்து வைத்திருக்கிறேன். 8 கிராம் கரிக்கு 11 லிட்டர். கனல் சார், உங்கள் அட்டவணையின் முதல் வரி அது.

நைலான் ஃபில்டர் மட்டும் டெட்ராசைக்ளினில் 6 சதவீதத்தைத் தின்றது. இப்போது மையவிலக்கி. ஃபாயில் சுற்றி, பி.எச்.சை 7இலேயே நிறுத்தும் தாங்கல் கரைசலோடு, கரி இல்லாத பாட்டிலும் வெறும் கரிப் பாட்டிலும் கூடவே சுற்ற, மறுபடி செய்தேன். வாலைவடிநீரில் 84. சாக்கடை நீரில், அந்த நீரின் சொந்த அளவைக் கழித்த பிறகு, 58.

98க்கும் 41க்கும் நடுவில் இருந்த பள்ளம் 57. இப்போது 26. மீதியெல்லாம் நான் செய்த பிழை, இந்த 26 தண்ணீர் செய்வது. அதை இனி குறையாகப் பார்க்கவில்லை, அதைத்தான் அளக்கப்போகிறேன்.

தராசு சாரின் கணக்கை வழிகாட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "செறிவை இறக்கு" என்றார். எங்களிடம் நிறைநிறமாலைக் கருவி இல்லை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராமை எதைக் கொண்டு பார்ப்பது?

#22 படுகை

எச்.பி.எல்.சி.யில் (கரைசலில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் கருவியில்) ஒளிர்வு டிடெக்டர் இருக்கிறதா? இருந்தால் சிப்ரோவுக்கு மாறுங்கள். 278இல் தூண்டி 450 பக்கம் படியுங்கள். சிப்ரோ இயல்பாகவே நன்றாக ஒளிரும், மைக்ரோகிராம் அளவு எட்டும். கரியிலிருந்து இறங்கும் கரிமப் பொருளும் ஒளிரும், அதனால் வெறும் கரி பிளாங்க்கை விட்டுவிடாதீர்கள். 100, 50, 20, 10, 5 மைக்ரோகிராம் என்று ஐந்து செறிவு. கரி லிட்டருக்கு 15 மி.கி., நேரம் ஒரு மணி. கசடு கேட்ட நிபந்தனை அதுதானே.

#23 உமிக்கரி

டிடெக்டர் பக்கத்துத் துறையில் இருக்கிறது. வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். கரியை இன்றே எடை போட்டு, கண்ணாடிக் குப்பிகளை ஃபாயிலில் சுற்றி வைத்துவிட்டேன். சாக்கடை நீரை அன்று காலையே புதிதாக எடுக்கப்போகிறேன். எண்கள் வந்ததும், எப்படி இருந்தாலும், இங்கேயே போடுகிறேன்.